மின்சாரக் கார்: பயப்படுவது ஒன்றுக்கு, படுத்துவது வேறொன்று

"பேட்டரி போயிடுச்சுன்னா எவ்வளவு சார் ஆகும்?" மின்சாரக் கார் பார்க்க ஷோரூமுக்குள் நுழைகிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்த கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" இரண்டுக்கும் அங்கே பதில் தயாராக இருக்கும்: எட்டு வருஷம் வாரண்டி, இத்தனை நூறு கிலோமீட்டர். வாங்க வந்தவர் தலையாட்டிவிட்டு நிறம் தேர்ந்தெடுக்கப் போய்விடுவார்.

பெங்களூரின் ரேவா 2001-லிருந்தே நம் சாலைகளில் ஓடியது. 2019 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பொருத்தப்பட்ட ஹூண்டாய் கோனா வந்தது. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் துணிந்து வாங்கத் தொடங்கியதும், தெருவில் பச்சை நம்பர் பிளேட் சகஜமானதும் 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இவி வந்த பிறகுதான். அந்த முதல் வண்டிகளில் பல இன்றும் அதே பேட்டரியோடு ஓடுகின்றன. இவ்வளவு காலம் ஓடிய வண்டிகளையும் அவற்றின் உரிமையாளர்களையும் கவனித்தால் ஒன்று புரிகிறது. வாங்கும்போது நாம் அஞ்சுகிற பெரிய பேட்டரியும் மோட்டாரும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. தொல்லை வருவது வீட்டு பிளக்பாயின்டிலிருந்து, எல்லாக் காரிலும் இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, சர்வீஸ் சென்டரில் இந்த வண்டியைத் தொடத் தெரிந்தவர் இல்லாததிலிருந்து. இவற்றைப் பற்றி ஷோரூமில் யாரும் பேசுவதில்லை.

விலையைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2019 ஆகஸ்டிலிருந்து இதே விகிதம்தான். பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் அதன்மேல் செஸும் இருந்தபோது இந்த வித்தியாசம் பெரிய ஆறுதலாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களின் வரி 18 சதவீதமாக இறங்கியதும் இடைவெளி சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் இன்னொரு சலுகை உண்டு. 2023 நவம்பரில் இங்கே சாலை வரி உயர்ந்தது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம். 15 லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு அதுவே 2,70,000 ரூபாய். மின்சாரக் காருக்கு இந்த வரி முழு விலக்கு. 2023-ஆம் ஆண்டின் மின்வாகனக் கொள்கை இதை 2025 டிசம்பர் இறுதிவரை கொடுத்தது. வாங்குகிற மாதத்தில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது என்று ஆர்டிஓ அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. விலைப்பட்டியலின் மிகப் பெரிய தள்ளுபடி அதுதான். கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை இருக்கிறது என்று இப்போதும் சொல்லி விற்கிறார்கள். அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடனுக்குத்தான்.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டமும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் வந்தபோது விலை 9.99 லட்சம், அதோடு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3.50 ரூபாய் என்றார்கள். பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் 13.50 லட்சம். வித்தியாசம் மூன்றரை லட்சம். மூன்றரை ரூபாயால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். அதற்குக் குறைவாக ஓட்டி விற்றுவிடுகிறவருக்கு ஓரளவு லாபம். வண்டியை வைத்துப் பத்தாண்டு ஓட்ட நினைப்பவர் கையிலிருக்கும் பணத்தைப் போட்டுப் பேட்டரியையும் சேர்த்து வாங்கிவிடுவதே மேல். இது அடிப்படையில் வேறு பெயரில் வருகிற கடன்தான்.

ராத்திரி எங்கே நிற்கும்?

மின்சாரக் கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். சொந்த நிறுத்துமிடம், அதற்கு உங்கள் மீட்டரிலிருந்து ஒரு ஒயர். இது இருந்தால் இந்தக் காரைவிடச் சுகமான வாகனம் கிடையாது. பெட்ரோல் பங்கில் நிற்கவே வேண்டாம்; காலையில் எழுந்தால் வண்டி தயார். இது இல்லாமல் தெருவோரம் நிறுத்திப் பொது சார்ஜரை மட்டும் நம்பி வாங்குகிறவர் அலுத்துப்போகிறார். மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

வீட்டில் சார்ஜ் செய்ய இரண்டு வழி. காரோடு வரும் கையடக்கச் சார்ஜரைச் சாதாரண 15 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகலாம். மணிக்கு மூன்று யூனிட் அளவுக்கு ஏறும். அல்லது சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் பெட்டி. அதற்கு 32 ஆம்பியர் தனி ஒயர், தனி எம்சிபி (சுமை மீறினால் தானே விழும் சுவிட்ச்), வீட்டு இணைப்பின் அனுமதிச் சுமையை உயர்த்துவது எல்லாம் வேண்டும். தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு முதல் வழியே தாராளம். ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் விடிவதற்குள் இருபது யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும்.

சிக்கல் ஆம்பியரில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. பழைய வீடுகளில் பிரிட்ஜும் மிக்ஸியும் மோசமான எர்த்தோடு இருபது வருஷம் ஓடியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. காரின் சார்ஜர் அப்படிச் சமாளித்துப் போகாது. மின்சாரம் கொடுப்பதற்கு முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டு மறுத்துவிடும். புதுக் கார் வந்த முதல் ராத்திரியே "சார்ஜர் ரிப்பேர்" என்று டீலருக்குப் போகிற போன்களில் கணிசமானவை இந்த வகை. வாசலோரம் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் அன்றைக்குப் பச்சை விளக்கு எரியும், மறுவாரம் மறுபடி சிவப்பு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாக ஒரு எர்த் ராடு இறக்குவதுதான் தீர்வு, செலவும் பெரிதில்லை. அதே கையோடு பிளக்பாயின்டையும் மாற்றச் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் தொடர்ந்து 13, 14 ஆம்பியர் இழுப்பது வாட்டர் ஹீட்டர் இழுப்பது மாதிரி இல்லை. பிடி தளர்ந்த பழைய சாக்கெட் சூடேறி உருகும். 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், தரமான இன்டஸ்ட்ரியல் சாக்கெட், மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் ஒரு ஆர்சிசிபி: இந்த மூன்றில் கஞ்சத்தனம் கூடாது.

மின்கட்டணத்தில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. "யூனிட் அஞ்சு ரூபாய்தான், கிலோமீட்டருக்கு எழுபது பைசா" என்று விளம்பரக் கணக்கு போடுவார்கள். நம் வீட்டு மின்கட்டணமோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறுகிற கட்டணம். முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் ஏறிக்கொண்டே போய் 1,000 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல். 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படியில் கிடைத்த கூடுதல் சலுகையும் போய்விடும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், இரண்டு மாதத்தில் 300 யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். 400 யூனிட் 700 யூனிட் ஆகும்போது பில் ஏறத்தாழ 2,700 ரூபாய் கூடும். அதாவது காருக்குப் போகும் யூனிட் ஒவ்வொன்றும் ஒன்பது ரூபாய்க்கு நெருக்கம்; கிலோமீட்டருக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை ரூபாய். அதே தூரத்தைப் பெட்ரோலில் ஓட்டினால் பதினான்காயிரம் ரூபாயாவது ஆகும். லாபம் லாபம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோடையில் இரண்டு ஏசி ஓடும் வீட்டில் காரின் யூனிட்டுகள் முழுவதும் மேல்படியில்தான் விழும். மொட்டை மாடியில் சூரியத் தகடு போட யோசிப்பவருக்குக் கார் நல்ல காரணமாவது இதனால்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கதை வேறு. வீட்டு இணைப்பிலிருந்தே காரைச் சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறையின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. புதுக் கட்டடங்களில் வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று மாதிரிக் கட்டட விதிகள் 2019-இலேயே சொல்லிவிட்டன. இருந்தும் நான்காவது மாடி மீட்டரிலிருந்து கீழே பார்க்கிங்குக்கு ஒயர் இழுக்க அசோசியேஷன் செயலாளரின் சம்மதம் தேவைப்படுகிறது. தீப்பிடிக்கும் என்று ஒருவர் எதிர்ப்பார், சுவர் அசிங்கமாகும் என்று இன்னொருவர். காரை முன்பதிவு செய்வதற்கு முன்பே அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வண்டி வந்த பிறகு கேட்டால் நம் பக்கம் பலம் இருக்காது.

ஓடும் தூரம்

2020 நெக்ஸானுக்கு அறிவித்த தூரம் 312 கிலோமீட்டர்; பேட்டரி 30.2 யூனிட். உண்மையில் கிடைத்தது 200 முதல் 220. இதைப் பலர் ஏமாற்று என்றே நினைத்தார்கள். அந்த எண் இந்தியச் சோதனை முறையின்படி, ஆய்வகத்தில், மெதுவான வேகத்தில் எடுத்தது. நம் வேகத்துக்கும் ஏசிக்கும் அறிவித்த தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது. நெரிசலில் நின்று நின்று போவது மின்சாரக் காருக்குப் பிரச்சினையே இல்லை. ஒரு மணி நேரம் ஏசி போட்டு நின்றாலும் ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் போகும். தூரத்தைத் தின்பது நெடுஞ்சாலை வேகம். 80-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. டெஸ்ட் டிரைவில் கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வருவதில் பயனில்லை. சென்னையின் ஜிஎஸ்டி சாலையிலோ உங்கள் ஊர் பைபாஸிலோ நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் இருபது கிலோமீட்டர் ஓட்டி, எத்தனை சதவீதம் குறைந்தது என்று பாருங்கள். பேட்டரி அளவு தெரியும், சதவீதம் தெரியும். மீதியை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

சென்னை–திருச்சி 330 கிலோமீட்டர். 40 யூனிட்டுக்கு மேல் பேட்டரி உள்ள வண்டிக்கு நடுவில் ஒரு சார்ஜ் போதும். அந்தப் பாதையிலும் பெங்களூர் பாதையிலும் ஓட்டல் வளாகங்களில் வேகச் சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. கோவையில் பிறந்த ஸியான் போன்ற நிறுவனங்களே இதில் முன்னால் நிற்கின்றன. அங்கே யூனிட் 20 ரூபாயைச் சுற்றி, வரி சேர்ந்தால் இன்னும் மேலே. பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் ஏறும் வேகம் சரசரவென இறங்கும். சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குள் 80 வந்துவிட்டால் கிளம்பிவிடுவதே மரியாதை, பின்னால் வரிசையில் இன்னொரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும். பொங்கலுக்கு முந்தைய இரவு இந்தச் சார்ஜர்களை நம்பிப் புறப்படுவதை இன்றும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பேட்டரியும் வெயிலும்

பேட்டரி பயம் வெறும் கற்பனையில் பிறந்ததில்லை. 2010 இறுதியில் வந்த நிசான் லீஃப்தான் உலகத்தில் பெருமளவு விற்ற முதல் மின்சாரக் கார். அதன் 24 யூனிட் பேட்டரிக்குக் குளிர்விக்கும் திரவம் கிடையாது, வெளிக்காற்றுதான் துணை. ஜப்பானில் பிரச்சினை தெரியவில்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் இரண்டே கோடைகளில் திறன் இறங்கத் தொடங்கியது. டேஷ்போர்டில் இருக்கும் பன்னிரண்டு கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. உரிமையாளர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, 2012 இறுதியில், ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது கட்டத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக நிசான் உறுதி கொடுத்தது. பேட்டரித் திறனுக்கு இன்று எல்லோரும் கொடுக்கும் வாரண்டிக்கு அந்தப் போராட்டமே அடித்தளம்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. 2015-ஐ ஒட்டிய காலத்தில் மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரி குறைவாக இருந்ததால், ஜப்பானில் ஓடிய பழைய லீஃப்கள் ஆயிரக்கணக்கில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கின. வரும்போதே கட்டம் குறைந்த வண்டிகள், நம்மூர் போலவே வெக்கையான காற்று, பேட்டரியைக் குளிர்விக்க எதுவும் இல்லை. விளைவை ஊகிக்கலாம். அதன்பின் 2020-இல் வாகன இறக்குமதியே நின்றுபோனது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை. லீஃப் பேட்டரிக்குள் 48 மாட்யூல்கள், அதாவது தனித்தனியாகக் கழற்றக்கூடிய செல் தொகுதிகள், இருக்கின்றன. அவற்றில் நலிந்ததைக் கழற்றி நல்லதைப் போடலாம். அந்த வேலையில் கைதேர்ந்த சிறு பட்டறைகள் அங்கே உருவாகிவிட்டன. முழுப் பேட்டரியையும் மாற்றுங்கள் என்று மட்டுமே சொல்லத் தெரிந்த நம் சர்வீஸ் சென்டர்களைவிட அவர்கள் ஒரு படி முன்னால் இருக்கிறார்கள் என்பேன்.

இன்று இந்தியாவில் விற்கும் கார்கள் அந்த லீஃப் இல்லை. நெக்ஸான் தொடக்கத்திலிருந்தே திரவக் குளிர்ச்சியோடு வந்தது, அதன் செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்எப்பி. சென்னையில் 2024 நவம்பரில் அறிமுகமான மஹிந்திரா பிஇ 6-லும் எல்எப்பிதான். இந்த வகை செல் அதே எடையில் கொஞ்சம் குறைவாகவே மின்சாரம் பிடிக்கும். ஆனால் வெப்பத்தைத் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் அதிகம் தேயாது, எளிதில் தீப்பற்றாது. மற்றொரு வகையான என்எம்சியில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் இருக்கும். தூரம் அதிகம், வெப்பத்துக்குக் கொஞ்சம் நோஞ்சான். என்எம்சி என்றால் தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. எல்எப்பியை அவ்வப்போது நூறு வரை மெதுவாக ஏற்ற வேண்டும். அதன் வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், முழுதாக நிரம்பினால்தான் மீதி எவ்வளவு என்பதைக் கார் சரியாகக் கணிக்கும். இது தெரியாமல் எல்எப்பி காரை வருஷக்கணக்கில் எண்பதிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, 20 சதவீதம் காட்டும்போதே வண்டி திடீரென வேகம் இழக்கிறது என்று புகார் செய்கிறவர்கள் உண்டு. செல்லில் கோளாறில்லை, கணக்கில்தான் கோளாறு. வாங்குவதற்கு முன் "எந்த வகை செல்?" என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஜியோடேப் என்ற வாகனத் தரவு நிறுவனம் ஏறத்தாழ 5,000 மின்வாகனங்களை வைத்து 2024-இல் போட்ட கணக்கில் பேட்டரித் தேய்மானம் சராசரியாக ஆண்டுக்கு 1.8 சதவீதம். எட்டு ஆண்டில் பதினைந்து சதவீதத்துக்கு உள்ளே. 220 கிலோமீட்டர் ஓடிய வண்டி 190 ஓடும். ஊருக்குள் ஓட்டுகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். பேட்டரி அடியோடு கெட்டுப்போவது பெரும்பாலும் தயாரிப்புக் குறையால். கோனா உள்ளிட்ட ஹூண்டாய் வாகனங்களில் செல்லுக்குள் குறை இருந்ததால் உலகம் முழுக்க ஏறத்தாழ 82,000 வாகனங்களைத் திரும்ப அழைத்தார்கள், இந்தியாவில் 456. அப்படிப்பட்ட குறையை நிறுவனம் தன் செலவில் சரிசெய்தாக வேண்டும். விலையும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. புளூம்பெர்க் கணக்குப்படி 2024-இல் பேட்டரித் தொகுப்பின் உலக சராசரி விலை யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர். 2010-இல் அது ஆயிரம் டாலருக்கு மேல்.

உண்மையில் எது நிற்க வைக்கிறது?

இங்கே இரண்டு கணக்கெடுப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023-இல், பெட்ரோல் கார்களைவிட மின்சாரக் கார்களில் 79 சதவீதம் கூடுதல் பிரச்சினைகள் என்றது. அடுத்த ஆண்டு அது 42 சதவீதமானது. ஜெர்மனியின் ஏடிஏசி மோட்டார் கழகமோ, 2024-இல் சாலையில் பழுதாகி நின்ற வண்டிகளை எண்ணிப் பார்த்தது. 2020 முதல் 2022 வரை பதிவான வண்டிகளில் ஆயிரத்துக்கு மின்சாரக் கார் 4.2, எஞ்சின் கார் 10.4. ஒன்று பழிக்கிறது, ஒன்று புகழ்கிறது என்று தோன்றும். இரண்டும் உண்மைதான். அமெரிக்கர்கள் உரிமையாளர் சொன்ன ஒவ்வொரு குறையையும் எண்ணினார்கள்: ஸ்கிரீன் உறைந்தது, சார்ஜ் போர்ட் கதவு சிக்கியது, சென்சார் பொய் எச்சரிக்கை கொடுத்தது. ஜெர்மானியர்கள் நடுரோட்டில் நின்றதை மட்டும் எண்ணினார்கள். சில்லறைத் தொல்லை அதிகம், நட்டாற்றில் விடுவது குறைவு. நம் ஊர் உரிமையாளர்கள் சொல்வதும் அச்சு அசல் இதுவே.

நடுரோட்டில் நின்றவற்றில் பாதிக்குக் காரணம் சாதாரண 12 வோல்ட் பேட்டரி என்பதும் அதே ஜெர்மன் கணக்கு. இது எப்படி என்று பலருக்குப் புரிவதில்லை. பெரிய பேட்டரி நிறைய இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதா? பெரிய பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் கான்டாக்டர் என்ற கனத்த சுவிட்சுகள் உண்டு. பாதுகாப்புக்காக வண்டி நிற்கும்போதெல்லாம் அவை திறந்தே இருக்கும். அவற்றை மூட 12 வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர் எல்லாமே அதில்தான் ஓடுகின்றன. அது இறங்கிவிட்டால், 80 சதவீதம் சார்ஜோடு நிற்கும் கார் கதவைக்கூடத் திறக்காது. பெட்ரோல் காரில் ஸ்டார்ட் பண்ணும்போது செல்ப் முனகும், ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும். இங்கே அப்படி முன்னறிவிப்பு எதுவும் இல்லை. நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று பிணம். மூன்று நான்கு ஆண்டில், கெட்டுப்போகக் காத்திராமல், சில ஆயிரம் ரூபாய் செலவழித்து அதை மாற்றிவிடுவது இந்தக் காருக்குச் செய்யும் மிகச் சிறந்த பராமரிப்பு. மூன்று வாரம் வெளியூர் போகிறவர் போன் ஆப்பில் தினமும் வண்டியை எட்டிப் பார்க்காமல் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன பேட்டரிதான் விழித்துப் பதில் சொல்கிறது.

சில வண்டிகளில் தவறு அந்தப் பேட்டரியில் இல்லை, அதைச் சார்ஜ் செய்யும் உறுப்பில். ஹூண்டாய் அயோனிக் 5, கியா இவி6 இரண்டிலும் ஐசிசியு என்ற சார்ஜ் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டு, 12 வோல்ட் ஏறாமல் வண்டி ஓடும்போதே சக்தி குறைந்தது. 2024-இல் இந்தியாவில் அயோனிக் 5 வண்டிகள் 1,744, இவி6 வண்டிகள் 1,138 திரும்ப அழைக்கப்பட்டன. உலகத்தரக் கார்கள், விருது வாங்கிய கார்கள். அவற்றிலும் பெரிய பேட்டரிக்குக் குறையில்லை, மோட்டாருக்குக் குறையில்லை. நடுவிலிருந்த ஒரு பெட்டி.

மோட்டாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது வேலை செய்கிறது. ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் கிடையாது, டைமிங் பெல்ட் கிடையாது. கூலன்ட், பிரேக் ஆயில், கியர் பெட்டியின் கொஞ்சம் எண்ணெய், ஏசி பில்டர், அவ்வளவுதான் சர்வீஸ். வண்டி எடை கூடுதல் என்பதாலும் முதல் நொடியிலேயே முழு இழுவை வருவதாலும் டயர் சீக்கிரம் தேயும். பிரேக்கோ எதிர்த்திசையில் கெடும்: வேகத்தைக் குறைக்கும் வேலையை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் டிஸ்க் சும்மா கிடந்து துருப்பிடிக்கும். திருவான்மியூர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் வாரம் ஒருமுறை ஆள் இல்லாத சாலையில் நான்கைந்து தடவை அழுத்தமாக பிரேக் பிடித்தால் துரு தேய்ந்து போகும்.

என் மனசை வருத்துவது சர்வீஸ்தான். பெட்ரோல் கார் கெட்டால் தெருமுனை மெக்கானிக் அண்ணன் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற ஒயர்களை அவர் தொடக்கூடாது, முந்நூறு வோல்ட்டுக்கு மேல் பாயும். ஆக கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றுதான் கதி. அங்கே உயர் அழுத்தப் பயிற்சி பெற்றவர் ஒருவரோ இருவரோ இருப்பார். அவர் விடுப்பில் போனால் வண்டி காத்திருக்கும். பார்க்கிங்கில் எலி கடித்துவிட்ட ஆரஞ்சு கேபிளை டேப் சுற்றி ஒட்டவும் முடியாது. முழு கேபிளையும் மாற்ற வேண்டும், அது வேறு மாநிலத்துக் கிடங்கிலிருந்து வரவேண்டும். அதனால் கார் வாங்குவதற்கு முன் ஷோரூமைப் பார்ப்பதைவிட சர்வீஸ் சென்டரைப் போய்ப் பாருங்கள். "பேட்டரியைக் கீழே இறக்கி வேலை பார்க்க இங்கேயே வசதி இருக்கா, இல்ல வெளியூர் அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே அந்த வசதி உள்ள நிறுவனத்தின் கார், இருபது கிலோமீட்டர் குறைவாக ஓடினாலும், நல்ல கார்.

வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை. மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரில் சென்னை மூழ்கியதைப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வரும். பேட்டரிக்கு ஐபி67 என்ற நீர்புகாத் தரம் போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். வேளச்சேரியில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது, அதுவும் நல்ல தண்ணீர் இல்லை. தேங்கிய நீரைக் கடந்து போவதற்கு அஞ்ச வேண்டாம், எஞ்சினுக்குள் தண்ணீர் போகும் சிக்கலே கிடையாது. நின்ற நீரில் மூழ்கி எழுந்த வண்டியை ஆன் செய்யவும் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது. பிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்சாரக் காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதில் மகிழ்ந்துவிட்டு, சொந்த சேதக் காப்பீட்டில் பேட்டரிக்கான தனிச் சேர்ப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் விடுகிறவர்கள் வெள்ளத்துக்குப் பிறகு திண்டாடுகிறார்கள்.

கடைசியில் விற்பனை. ஐந்து வருஷ மின்சாரக் காரை விற்கப் போனால், ஒத்த பெட்ரோல் காரைவிடக் குறைத்தே கேட்கிறார்கள். புது மாடல்கள் அதிக தூரமும் குறைந்த விலையுமாக வருவது ஒரு காரணம். அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் 2024 ஜனவரியில் 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாக அறிவித்ததற்கு மதிப்பு இப்படிச் சரிந்ததும் ஒரு காரணம். ஆனால் நம்மூரில் பெரிய காரணம், வாங்குபவருக்கு அந்தப் பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று தெரியாதது. வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டுமா, மாறினால் குறையுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. கலிபோர்னியாவில் 2026 மாடலிலிருந்து பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்பதைக் காரின் திரையிலேயே ஓட்டுநர் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்வாகனப் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது அதன் விவரங்கள் அடங்கிய மின்னணுப் பதிவு. இங்கேயும் அப்படியொரு கட்டாயம் வரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரை, ஒவ்வொரு சர்வீஸிலும் அந்தச் சதவீதத்தை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிவைக்க வேண்டும். "சிஸ்டத்துல வராது சார்" என்பார்கள். அவர்களிடம் இருக்கும் ஸ்கேனரில் வரும். இன்னொரு முறை கேளுங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவரும் முதலில் அந்தத் தாள்களைத்தான் கேட்க வேண்டும், கிலோமீட்டரை அப்புறம் பார்க்கலாம். தாளே இல்லையென்றால் நூறு சதவீதம் ஏற்றச் சொல்லி, நாற்பது சதவீதம் குறையும்வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத வியாபாரியிடம் மின்சாரக் கார் வாங்க வேண்டாம்.